பாதைக்குக் கீழே

ரோலர் கோஸ்டர் கப்பலில் வந்தது,
முப்பத்தொரு பெட்டிகளில், எண் போட்டு.
பதினேழாம் வளைவும் பதினெட்டாம் வளைவும்
ஒரே வைக்கோலில் கட்டிப்பிடித்துக் கிடந்தன.

முன்பெல்லாம் மரத்தில்தான் கட்டுவார்களாம்.
மழைக்கு ஊதும், வெயிலுக்கு முனகும்.
இது இரும்புக் குழாய்,
வளைத்துவிட்டால் வளைத்த இடத்தில் நிற்கும்
என்றார் ஃபோர்மன் கோ பூன் ஹுவாட்,
மகனைப் பற்றிப் பேசுகிறவர்போல.
அவர் மகன் அப்படி நிற்கவில்லை என்பது
காலாங் முழுக்கத் தெரியும்.

முதலில் ஏறியவை மணல் மூட்டைகள்,
ஆளுக்கு நூறு கட்டி எடை.
சாக்குகளின்மேல் சுண்ணாம்பால்
மேலதிகாரிகளின் பெயரை எழுதினோம்.
சம்பளக் கணக்கர் மூன்றாம் பெட்டியில், சன்னலோரம்
(சன்னல் ஏது, சும்மா சொல்கிறேன்).
உச்சியிலிருந்து இறங்கும்போது அவர் தையல் விட்டு
ஆற்றின்மேல் மணலாகப் பெய்தார்.
அந்தப் பாதையின் முதல் அலறல் அதுதான்.
சத்தமே இல்லை.

என் வேலை கீழே.
பதினொரு மணிக்கு விளக்கணைந்ததும்
ஒரு வாளி, ஒரு டார்ச்,
தண்டவாள நிழலுக்குள் குனிந்து குனிந்து.
இடது செருப்பு. இடது செருப்பு. இன்னொரு இடது செருப்பு.
(வலது கால்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்போல.)
நாலு நம்பர் சீட்டு, நேற்றையது.
அடகுக்கடை ரசீது.
பாதி கடித்த கச்சாங் பூத்தே.
நோட்டில் நான்கு கட்டங்கள்:
பொருள், தேதி, இடம், எப்படி விழுந்தது.
நான்காவதில் எப்போதும் ஒரே சொல்:
தவறி.

அடுத்த ஆண்டு வந்தது தண்ணீர்ச் சவாரி.
எங்கோ கடல் தாண்டிய மலைகளில்
வெட்டிய மரத்தைப் பலகைக் கால்வாயில் இறக்கி விடுவார்களாம்.
சம்பள நாளில் எவனோ ஒருவன்
அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.
செத்தானா சிரித்தானா, யார் கண்டது.
அங்கிருந்து நீண்டு நீண்டு
இங்கே ஃபைபரில் செய்த மரக்கட்டை,
பட்டை வரிகூட பெயின்ட்டில்.

அதைத் தள்ளிவிட ஆள் கேட்டபோது
வந்து நின்றார் ஜைலானி பின் செமான்.
எதிர்க்கரை மர ஆலையில் பதினாறு வருடம்
கொக்கிக் கழியோடு மிதவைமேல் நடந்தவர்.
புதுக் கட்டையை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்,
பப்பாளி வாங்குகிறவர்போல.
"இது மரமில்லை, தொட்டி.
மரம் ஒரு தடவைதான் போகும்.
இது நாலு நிமிஷத்துக்கொரு தரம்
திரும்பி வந்து முகத்தைப் பார்க்குது."
ஆனாலும் சிரித்தார். கூலி இங்கே கூடுதல்,
நசுங்கிப்போக விரல்களும் மிச்சம் இருந்தன, எட்டு.

திங்கள் காலை கால்வாயைத் திறந்துவிடுவோம்.
அடியில் காசு, கொண்டை ஊசி, பாசி.
ஒரு திங்கள், பச்சைக்கல் மோதிரம்,
கைக்குட்டையில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு.
நோட்டைத் திறந்தேன்.
பொருள், தேதி, இடம்.
நான்காம் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
யாரும் கேட்டு வரவில்லை.
கட்டம் இன்றைக்கும் காலி.

பல்செட்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு மைலோ டின்.
ஒரு சனிக்கிழமை, கழுத்துப்பட்டையோடு ஒருவர்,
வாயைக் கையால் மூடி,
டின்னைச் சுட்டிக் காட்டினார்.
முதலாவது பெரிது.
இரண்டாவதைப் போட்டு முகம் சுளித்தார்.
மூன்றாவது "டக்" என்று உட்கார்ந்தது.
"இது உங்களுடையதுதானா?" என்றேன்.
பதில் சொல்லாமல் பல் மொத்தமும் காட்டிச் சிரித்து
நேரே போய் வரிசையில் நின்றார், மறுபடியும்.
வாசலில் நின்றிருந்த பையன் என்னைக் கேட்டான்,
நீங்கள் ஒரு தடவைகூட ஏறியதில்லையா அக்கா?

எனக்குக் கீழே வேலை, என்றேன்,
டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டபடி.